பெயரும் காலமும்: மது, போதைப்பொருள் பயன்படுத்துவோரைச் சுட்டும் சொற்கள்

மது அருந்துவோரையும் பிற போதைப்பொருள்களைப் பயன்படுத்துவோரையும் சுட்டுதற்குத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. குடிகாரன், குடியன், மொடாக்குடியன், கஞ்சாக்காரன், போதை ஆசாமி, மது அடிமை, குடிநோயாளி என அவை விரியும். பழைய இலக்கியம் களிமகன் என்றது. இவற்றுள் பெரும்பாலானவை இழிவுப்பொருள் உடையன என்பது வெளிப்படை. அவ்விழிவு சொல்லின் எப்பகுதியில் தங்கியுள்ளது, மரியாதை விகுதி சேர்த்தால் அது நீங்குமா, ஆங்கிலத்தில் அண்மைக் காலத்தில் பரிந்துரைக்கப்படும் தொடர்களை அவ்வாறே தமிழாக்கினால் பயன் விளையுமா என்பன மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் ஆராய வேண்டிய வினாக்கள். மருத்துவமனைக் குறிப்புகளும் ஒப்புதல் படிவங்களும் விழிப்புணர்வு வெளியீடுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டே இந்திய மொழிகளுக்கு வருகின்றன. அவற்றைப் படிப்பவருள் மருத்துவரை அணுகலாமா வேண்டாவா என்று தயங்கி நிற்பவரும் உளர்.

இத்தயக்கத்தின் அளவை அறிய ஒரு சான்று போதும். நடுவண் சமூகநீதி அமைச்சகத்திற்காக அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்திய நாடளாவிய கணக்கெடுப்பின் அறிக்கை 2019இல் வெளியாயிற்று. அதன்படி 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியருள் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர். அவர்களுள் ஏறத்தாழ 5.7 கோடிப் பேர்க்கு மதுப் பயன்பாட்டினால் உதவி தேவைப்படுகிறது. மதுச் சார்புநிலைக்கு ஆளானோருள் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு வகை மருத்துவ உதவி பெற்றதாகத் தெரிவித்துள்ளனர். உதவி பெறாமைக்குக் காரணம் பல. சிகிச்சை நிலையங்களின் பற்றாக்குறை அவற்றுள் முதன்மையானது. எனினும், உதவி நாடுவதே தன்னை இன்னான் என்று ஒப்புக்கொள்வதாகிவிடும் என்னும் அச்சமும் அவற்றுள் ஒன்று.

அவ்வறிக்கை பயன்பாடு, கேடு பயக்கும் பயன்பாடு, சார்புநிலை என மூன்று நிலைகளை வேறுபடுத்துகிறது. தமிழ்ப் பேச்சுவழக்கிலுள்ள ‘குடிகாரன்’ இம்மூன்றையும் ஒன்றாக்கிவிடும். திருமண வீட்டில் எப்போதோ அருந்துபவரும், காலையில் கை நடுக்கம் நீங்க அருந்துபவரும் அச்சொல்லுக்குள் அடங்குவர். ஆதலின் அது மரியாதைக் குறைவான சொல் மட்டுமன்று. பொருள் துல்லியமற்ற சொல்லும் ஆகும்.

குடிகாரரும் குடிப்பவரும்

பெயர்ச்சொல் காலம் காட்டாது என்பதும், தொழிலோடு ஒட்டிய பெயரே காலம் காட்டும் என்பதும் தொல்காப்பியர் வேற்றுமையியலில் கூறும் இலக்கணம். பிற்காலத்தார் இப்பிந்திய வகையை வினையாலணையும் பெயர் என்றனர். ‘குடிகாரன்’ என்பது காலம் காட்டாப் பெயர். அது நேற்றுக் குடித்தவனுக்கும், பத்தாண்டுகளாகக் குடியை விட்டிருப்பவனுக்கும் ஒருங்கே பொருந்தும். ‘குடித்தவர்’, ‘குடிக்கிறவர்’, ‘குடித்துவந்தவர்’ என்பன அவ்வாறல்ல. இவற்றுள் செயலுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. செயல் முடிந்தபின் பெயரும் கழன்றுவிடும்.

‘-காரன்’ என்னும் விகுதி தன்னளவில் இழிவுடையது அன்று. பால்காரர், கடைக்காரர், வண்டிக்காரர், வீட்டுக்காரர் ஆகிய சொற்களில் அது தொழிலையோ உடைமையையோ சுட்டுகிறது. பிழைப்பை உணர்த்தும் அதே விகுதி கொலைகாரன், குடிகாரன், பைத்தியக்காரன் ஆகியவற்றில் வரும்போது, செய்த ஒரு செயலோ வந்த ஒரு நோயோ அம்மனிதனின் பிழைப்பாகவே ஆகிவிடுகிறது. ‘-அன்’ ஈற்றை ‘-அர்’ ஆக்கினால் இது மாறுவதில்லை. ‘பால்காரர்’ இயல்பான மரியாதைச் சொல்; ‘குடிகாரர்’ என்பதிலோ சற்றே எள்ளல் தொனிக்கிறது. பெண்பாலில் நிலை இன்னும் கடினமானது. ‘குடிகாரி’ என்னும் சொல், குடித்தலோடு ஒழுக்கத்தையும் சேர்த்துப் பழிக்கும் சொல்லாகவே பெரும்பாலும் ஆளப்படுகிறது.

செய்தித்தாள்கள் ஒற்றை மேற்கோளுக்குள் இட்டு எழுதும் ‘குடிமகன்கள்’ என்னும் சிலேடை இங்குச் சுட்டத்தக்கது. நாட்டின் உறுப்பினர் எனப் பொருள்படும் குடிமகன் என்பதன் பன்மை ‘குடிமக்கள்’. சிலேடையில் அது பெரும்பாலும் ‘குடிமகன்கள்’ எனப் புதுப் பன்மை பெறுகிறது. உருபனியல் அடிப்படையிலேயே இவ்விரு கூட்டத்தாரும் பிரிக்கப்பட்டுவிடுகின்றனர் எனலாம். சிரிப்புக்காகப் பிறந்த இவ்வடிவம், மது அருந்துவோரை வாக்குரிமையுடைய குடிமக்களிலிருந்து வேறான ஓர் இனமாக நிறுத்துவதைச் செய்தி ஆசிரியர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

‘குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு’ என்னும் பழமொழி இப்பெயரின் விளைவை நன்கு காட்டும். மயக்கத்தில் கூறியது நிலைக்காது என்பதே அதன் நேர்ப்பொருள். வழக்கிலோ அப்பெயர் பெற்றவர் எந்நிலையில் எது கூறினும் நம்பத்தகாதது என்று அது விரிந்துவிட்டது. வயிற்றுவலி என்று வருபவரின் சொல்லை மருத்துவப் பணியாளர் எடைபோடும்போதும், காவல் நிலையத்தில் ஒருவரின் முறையீட்டைப் பதியும்போதும் இப்பழமொழி பின்னின்று இயங்கக் கூடும். பெயரின் கறை ஒருவரோடு நிற்பதும் இல்லை. ‘குடிகாரன் பெண்டாட்டி’, ‘குடிகாரன் மகள்’ எனும்போது, தாம் செய்யாத செயலின் பெயரைக் குடும்பத்தார் தாங்குகின்றனர்.

இதற்கு மாறாகத் தமிழ்நாட்டில் மதுவைப் பற்றி எழுதப்பட்ட எச்சரிக்கைகளுள் மிகுதியும் அறியப்பட்ட ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்பதில் மனிதர் எவரும் இல்லை. எழுவாயாக நிற்பது குடித்தல் என்னும் தொழில். கடுமையாகக் கண்டிக்கும்போதும் செய்பவனைப் பெயரிட்டு இழிக்காமல் செயலைக் கண்டிக்கத் தமிழ்த் தொடரமைப்பு இடந்தருகிறது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

அடிமையும் வியசனமும்

‘போதைக்கு அடிமையானவர்’ என்பது இன்று எழுத்துத் தமிழில் நிலைபெற்றுவிட்ட தொடர். ஆங்கில ‘அடிக்ட்’ என்பதன் மூலமாகிய இலத்தீன் ‘அடிக்டஸ்’, உரோமானியச் சட்டத்தில் கடனைத் திருப்ப இயலாமையால் கடன் கொடுத்தவனிடம் ஒப்படைக்கப்பட்டவனைக் குறித்தது. ஆகவே ‘அடிமை’ என்னும் தமிழ்ச்சொல், மூலச் சொல்லின் மறந்துபோன பொருளை மீண்டும் உயிர்ப்பித்துள்ளது. ஆங்கிலம் பேசுவோர் ‘அடிக்ட்’ என்பதில் அடிமைத்தனத்தை உணர்வதில்லை; தமிழர் உணர்கின்றனர். வைணவ உரைகளில் அடிமை உயர்ந்த நிலையாக இருப்பினும், நிலத்தோடு விற்கப்பட்ட மக்களின் வரலாறு உடைய நாட்டில் அச்சொல்லின் சுமை வேறு. ‘அடிமையானவர்’ என்பதில் ‘ஆன’ என்னும் இறந்தகாலப் பெயரெச்சம் இருப்பதால், முன்பு அவ்வாறு இல்லாதவர் என்னும் குறிப்பேனும் எஞ்சுகிறது. ‘போதை அடிமை’ எனச் சுருங்கும்போது அதுவும் அழிகிறது. தலைப்புகளில் இடம் மிச்சப்படுத்துவதற்காகச் செய்யப்படும் இச்சுருக்கம், இலக்கண நோக்கில் ஒரு காலத்தைக் களைந்துவிடும் சுருக்கம்.

பிற இந்திய மொழிகளிலும் இத்தகைய பெயர்கள் காலம் காட்டாதனவே. இந்தியில் ஷராபி, நஷேடி; கன்னடத்தில் குடுக; மலையாளத்தில் குடியன், மத்யபானி; மராத்தியில் தாருட்யா. தெலுங்கில் தாகுபோத்து. இதன் ஈறு திண்டிபோத்து, நித்ரபோத்து எனப் பெருந்தீனி உண்பவனையும் ஓயாது உறங்குபவனையும் குறிக்கும் சொற்களிலும் வருவது. தொல்காப்பிய மரபியல் விலங்கின் ஆண்பாற் பெயர்களுள் ஒன்றாகக் கூறும் ‘போத்து’ என்பதோடு இவ்வீற்றை இணைத்து நோக்க இடமுண்டு. அவ்வாறாயின், இழிவு அங்கு விகுதியிலேயே குடியிருக்கிறது.

மராத்தியில் இப்பழக்கத்தைப் பொதுவாகச் சுட்டும் சொல் ‘வியசன்’. புனேயில் 1986இல் தொடங்கப்பட்ட முக்தாங்கண் நிலையத்தின் பெயரிலும் ‘வியசன்முக்தி’ என்னும் தொடர் உள்ளது. வடமொழியில் வியசனம் என்பது கேடு, இடுக்கண், தீய பற்று என்னும் பொருள்களை ஒருங்கே உடையது. அருத்தசாத்திரத்தின் எட்டாம் அதிகரணம் அரசுக்கு வரும் வியசனங்களைப் பேசுமிடத்து, நாட்டுக்கு நேரும் இடர்களையும் அரசனுடைய சூது, குடி முதலியவற்றையும் அவ்வொரே சொல்லால் வகுக்கிறது. மராத்தி அதனுள் பற்றை எடுத்துக்கொண்டது. மலையாளமும் தமிழும் துயரத்தை எடுத்துக்கொண்டன. தமிழில் அது விசனம் எனத் திரிந்து, மனவருத்தம் என்னும் பொருளிலேயே வழங்குகிறது. மராத்தியிலிருந்து தமிழுக்குப் பெயர்ப்போர் இவ்வொலியொற்றுமையால் ஏமாறலாகாது. ஒரு நோயையும் அதன் துயரத்தையும் ஒரு சொல்லே இரு நாடுகளில் பங்கிட்டுக்கொண்டது சொற்பொருள் ஆய்வாளர் உளங்கொள்ளத்தக்க செய்தி.

ஆங்கிலத் தொடரும் தமிழ்த் தலைச்சொல்லும்

ஆங்கிலத்திலும் இச்சொற்கள் ஒரே நிலையில் நின்றன அல்ல. உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு 1964இல் ‘அடிக்‌ஷன்’ என்பதை விடுத்துச் சார்புநிலை என்னும் பொருளுடைய ‘டிபென்டன்ஸ்’ என்பதைப் பரிந்துரைத்தது. அமெரிக்க உளமருத்துவக் கழகம் 2013இல் வெளியிட்ட கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, ‘அப்யூஸ்’, ‘டிபென்டன்ஸ்’ என்னும் இரு பகுப்புகளையும் நீக்கிப் ‘பயன்பாட்டுச் சீர்குலைவு’ என்னும் பொருளுடைய ஒரே பகுப்பாக்கியது.

இம்மாற்றத்தை வலியுறுத்துவோர் எடுத்துக்காட்டும் ஆய்வு, ஜான் கெல்லியும் கசாண்ட்ரா வெஸ்டர்ஹாஃபும் 2010இல் வெளியிட்டது. உளநலப் பணியாளர் 516 பேரிடம் ஒருவரைப் பற்றிய சிறு விவரிப்பு கொடுக்கப்பட்டது. ஒரு சாராரிடம் தந்த தாளில் அவர் ‘சப்ஸ்டன்ஸ் அப்யூசர்’ எனப்பட்டார். மறுசாராரின் தாளில் போதைப்பொருள் பயன்பாட்டுச் சீர்குலைவு உடையவர் எனப்பட்டார். ஏனைய சொற்களில் வேற்றுமை இல்லை. முதல் தாளைப் படித்தவர்கள், அவர் தம் நிலைக்குத் தாமே குற்றவாளி என்றும் தண்டனை சார்ந்த நடவடிக்கைக்கு உரியவர் என்றும் கருதுவதில் கூடுதலாகச் சாய்ந்தனர். பயிற்சி பெற்றவர்களே ஒரு பெயர்ச்சொல்லால் அசைக்கப்பட்டனர் என்பது கருதத்தக்கது.

இதனைத் தொடர்ந்து, மனிதரை முதலிலும் நோயைப் பின்னும் வைத்துக் கூறுக என்பது ஆங்கில நடைக் கையேடுகளின் விதியாயிற்று. இவ்விதி தமிழுக்குச் சொல்வரிசை அளவில் பொருந்தாது. தமிழில் அடை முன்னும் தலைச்சொல் பின்னும் வரும். ‘போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறு உள்ள நபர்’ என்னும் தொடரில் மனிதர் வந்து சேர்வதற்குள் நோய் முழுதும் சொல்லப்பட்டுவிடுகிறது. மேலும் இத்தொடரில் இரு இடர்கள் உள. ‘கோளாறு’ இயந்திரத்துக்கு உரியது. மனிதர்க்கு ஆளும்போது ‘மூளைக்கோளாறு’ என்னும் வசையின் நிழல் அதன்மேல் விழும். ‘நபர்’ எண்ணிக்கைக்கு உரிய பொதுச்சொல்லாயினும், ‘மர்ம நபர்’, ‘போதை நபர்’ எனச் செய்தித்தாள் நடையில் பழகிக் காவல்துறை வாடை ஏறியது. ஆங்கிலத்தில் மதிப்புக் கூட்டும் தொடர், தமிழில் இவ்விரண்டாலும் மதிப்புக் குறைக்கிறது.

விதியின் உள்நோக்கம் வரிசை அன்று, தலைச்சொல் எது என்பதே. மனிதரைத் தலைச்சொல்லாக்கத் தமிழுக்கு ‘நபர்’ தேவையில்லை. வினையாலணையும் பெயரின் ‘-அவர்’ ஈறே மனிதரைச் சுட்டும். ‘மதுவைச் சார்ந்திருக்கும் நிலையில் உள்ளவர்’, ‘ஊசிவழிப் போதைப்பொருள் செலுத்திக்கொள்பவர்’, ‘கேடு பயக்கும் அளவில் குடித்துவருபவர்’, ‘குடியை விட்டவர்’ ஆகியன செயற்கைத் தொடர்கள் அல்ல. படிப்பறிவில்லாதார் வாயிலும் இத்தகைய அமைப்புகள் இயல்பாக வரும். வெறுமனே ‘சார்ந்தோர்’ எனச் சுருக்குவது மட்டும் ஆகாது; அது ஒருவரை அண்டி வாழும் குடும்பத்தாரையும் குறிக்கும். ‘குடிப்பவர்’ என்னும் எதிர்கால வடிவம் வழக்கத்தையும் உணர்த்துமாதலால், இன்றைய நிலையை மட்டும் கூற வேண்டிய இடத்தில் ‘குடிக்கிறவர்’ ஏற்றது.

குடிநோயாளி என்னும் சொல் பழியை நோயாக்கியது. அது செய்த நன்மை சிறிதன்று. எனினும் ‘-ஆளி’ ஈறும் காலம் காட்டாதது. தவிர, முற்கூறிய 16 கோடிப் பேரும் நோயாளிகள் அல்லர். சார்புநிலை மருத்துவரால் உறுதி செய்யப்பட்ட இடத்தில் அச்சொல் தகும். பிறவிடத்தில் ‘குடிகாரன்’ செய்த அதே மிகையை இதுவும் செய்யும்.

பெயரைத் திருத்திவிட்டு வினைமுற்றைத் திருத்தாது விடுவதே மொழிபெயர்ப்புகளில் மிகுதியும் காணப்படும் குறை. ஆங்கில ‘ஹி’ உயர்வு தாழ்வு அறியாதது. அதனைத் தமிழாக்குவோர் ஒவ்வொரு தொடரிலும் அவன், அவர் என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். ஒரே நோயாளி வரலாற்றில் மருத்துவர் ‘கூறினார்’, மனைவி ‘கூறினார்’, நோயுற்றவன் மட்டும் ‘கூறினான்’ என வருவதுண்டு. சர்க்கரை நோயாளிக்குத் தயங்காது தரப்படும் ‘-ஆர்’ ஈறு, மது அருந்துபவருக்கு மறுக்கப்படுகிறது. மூலத்தில் இல்லாத இத்தீர்ப்பை மொழிபெயர்ப்பாளர் தம்மை அறியாமலே எழுதிச் சேர்க்கிறார். நீண்ட தொடர்களை ஆக்குவதற்கு முன் இவ்விகுதிகளைச் சரிபார்ப்பது, செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததுமான பணி.

சொல்லை மாற்றலாகாத இடங்கள்

இலக்கண வடிவமே மரியாதையை முழுதும் தந்துவிடும் எனக் கொள்ளலாகாது. திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையில் வினையாலணையும் பெயர்கள் பயில்கின்றன. அவற்றைக் கொண்டு கூறப்படும் கருத்துகளோ மிகக் கடுமையானவை. பயனிலை பழிக்குமாயின் எழுவாயின் வடிவம் காப்பாற்றாது.

மாற்றக் கூடாத இடங்களும் உள. 1935இல் அமெரிக்காவில் தோன்றிப் பல நாடுகளில் பரவிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டங்களில், பல ஆண்டுகளாகக் குடியாதவரும் தம்மை அப்பெயராலேயே அறிமுகம் செய்துகொள்கிறார். அங்குப் பெயரின் காலமின்மை குறையன்று, விழிப்பாயிருத்தற்கான கருவி. தன்மையில் ஒருவர் தமக்குச் சூட்டிக்கொள்ளும் பெயரை, படர்க்கையில் பிறர் சூட்டும் பெயரோடு ஒன்றாக்கி நாகரிகப்படுத்துவது பிழை. அதுபோலவே, அடிபட்ட மனைவி ‘அந்தக் குடிகாரன்’ என்று கூறினால் அச்சொல் அவளுடைய சான்று. அதனை ‘மதுப் பயன்பாட்டுச் சிக்கல் உடையவர்’ எனப் பெயர்ப்பவர், ஒருவருக்கு மரியாதை தேடும் முயற்சியில் மற்றொருவரின் வாயை அடைக்கிறார். புனைகதைப் பெயர்ப்புக்கும் இது பொருந்தும். விவரிக்கும் குரல் வேறு, மேற்கோளாக வரும் குரல் வேறு.

சட்டத் தமிழிலும் கவனம் வேண்டும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள், உளமயக்கப் பொருள் சட்டம் ‘அடிக்ட்’ என்னும் சொல்லுக்கு வரையறை கூறுகிறது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வரையறையைச் சார்புநிலை உடையவர் என்னும் பொருள்பட மாற்றியது, சொல்லையோ மாற்றவில்லை. இச்சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்பாட்டுக் குற்றமோ சிற்றளவு தொடர்பான குற்றமோ சுமத்தப்பட்ட ஒருவர் தாமே முன்வந்து சிகிச்சை பெறின் வழக்கிலிருந்து காப்பளிக்கிறது. அக்காப்பு அச்சொல்லுக்கு உரியவர்க்கே உண்டு. ஆகவே ஒரு பிரிவில் ‘அடிமையானவர்’ என்றும் மற்றொன்றில் ‘பயன்படுத்துபவர்’ என்றும் நயம் கருதி மாற்றி மாற்றிப் பெயர்த்தால், உரியவர் காப்பை இழக்க நேரும். வரையறுக்கப்பட்ட கலைச்சொல் சட்டப் பெயர்ப்பில் ஒன்றாகவே நிற்க வேண்டும். அதனை விளக்கும் துண்டறிக்கையில் மாறலாம்.

இறுதியாக, சிகிச்சை பற்றிய வினைச்சொற்கள். ஆங்கிலத்தில் போதைப்பொருளை விட்டிருத்தலைச் சுட்டும் ‘கிளீன்’ என்பதைச் ‘சுத்தமாக இருக்கிறார்’ எனப் பெயர்ப்பது, முன்பு அழுக்காயிருந்தார் எனக் கூறாமற் கூறுவது. சுத்தமும் தீட்டும் பிறப்போடு பிணைக்கப்பட்டிருந்த மொழியில் இது ஆங்கிலத்தினும் ஆழமாகத் தைக்கும். ‘பயன்படுத்தாமல் இருக்கிறார்’ என்பதே போதும். ஆய்வகச் சோதனையாயின் ‘போதைப்பொருள் காணப்படவில்லை’ எனலாம்.

‘மீள்’ என்னும் வினையில் உள்ள சிக்கல் இன்னும் நுண்ணியது. நோய் நீங்குதலையும் நோய் திரும்புதலையும் அவ்வொரு வினையே உணர்த்தும். ‘குடியிலிருந்து மீண்டவர்’ நலம் பெற்றவர். ‘குடிக்கு மீண்டவர்’ பழைய நிலைக்குத் திரும்பியவர். இவ்விருவரையும் பிரிப்பது வேற்றுமையுருபு ஒன்றே. தொகைநிலையில் உருபு மறையும்போது ‘மதுமீட்சி’, ‘நோய்மீள்வு’ ஆகியவை இருபொருள் படுகின்றன. கலைச்சொல் ஆக்குவோர் சுருக்கம் கருதித் தொகையை நாடுவது இயல்பே. சிகிச்சைக் குறிப்பில் இத்தொகையைக் கண்ட அடுத்த மருத்துவர் அதனை எவ்வாறு கொள்வார் என்பதற்கு உறுதி இல்லை. நலம்பெறுதலுக்கு ‘மீட்சி’ நிலைத்துவிட்டமையால், மற்றதற்கு ‘மீண்டும் பயன்படுத்தத் தொடங்கினார்’ என வினைத்தொடராகவே எழுதலாம். ‘வழுக்கி விழுந்தார்’ என்னும் பழைய வழக்கில் ஒழுக்கத் தீர்ப்பு கலந்துள்ளது. வினைத்தொடரிலோ நடந்த நாளையும் குறிக்க இடமுண்டு.